வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். உடன் அழைத்துச் செல்லுங்கள்

கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டிப் பகுதிகளிலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் குடும்பங்களிடமிருந்து, பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. “ஞாயித்துக்கிழம எல்லாரும் திருச்செந்தூர் போறோம், டாக்டர். அத்தைக்குச் சுகர் இருக்கு. அவங்கள வீட்ல விட்டுட்டுப் போயிரலாம்ல?” கேட்பவர் மருமகள். அத்தையோ அருகிலேயே அமர்ந்து, மாத்திரைச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருப்பார். கேள்வி அவரைப் பற்றியது. ஆயினும் அவரிடம் எவரும் கேட்பதில்லை.

இக்கேள்விக்கு எங்கள் விடை இதுதான்: நோய் கட்டுக்குள் இருக்கும் பெரும்பாலோர்க்கு ஒரு நாள் கடற்கரைப் பயணமும் கடையில் ஒரு வேளை உணவும் விலக்கப்பட்டவை அல்ல. அவர்களை வீட்டில் விட்டுச் செல்வது அக்கறையால் செய்யப்படுவதே. ஆனால் அந்த அக்கறை, நோயாளியின் உடலைக் காப்பதைவிட மனத்தை ஒடுக்குவதே மிகுதி.

இதில் முதற்பிழை எங்களுடையது என்பதை ஒப்புக்கொள்கிறோம். நெரிசல் மிகுந்த காலைப்பொழுதில், ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிகிற நிலையில், “வெளிச் சாப்பாடு கூடாது” என்று மூன்று சொற்களில் முடித்துவிடுகிறோம். எதை உண்ணலாம், எவ்வளவு உண்ணலாம் என்று விளக்குவதைவிட, கூடாது என்பது எளிது. அந்த மூன்று சொற்கள் வீட்டுக்குப் போனதும், “வெளியே போகவே கூடாது” என்று வளர்ந்துவிடுகின்றன.

அதன் விளைவுகளையும் நாங்களே பார்க்கிறோம். குடும்பத்தார்க்குத் தெரியாமல் பேருந்து நிலையத்துக் கடையில் பரோட்டா உண்டுவிட்டு, அதை எங்களிடமும் மறைப்பவர்கள் உண்டு. மறைக்கப்பட்ட உணவுக்கு எங்களால் மருந்தைச் சரிசெய்ய இயலாது. மற்றொரு புறம், நோயாளியைத் தனியே விட மனமின்றி, ஆண்டுக்கணக்கில் எங்கும் செல்லாமல் உடனிருக்கும் மனைவியும் மகளும் உண்டு. அவர்களது களைப்பு எந்தப் பரிசோதனைச் சீட்டிலும் பதிவாவதில்லை.

2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இத்தனை பேரையும் திண்ணையில் இருத்திவிட்டு மற்றவர்கள் ஊர் சுற்றுவது நடக்கக்கூடியதும் அன்று, நியாயமும் அன்று.

நம் கரிசல் பூமியில் தீப்பெட்டி ஆலையிலும் காட்டிலும் வாரம் முழுதும் உழைப்பவர்களுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. மலைவாசத்தலங்கள் தொலைவிலும் செலவிலும் எட்டாதவை, கடல் அப்படியன்று. தூத்துக்குடி முத்துநகர் கடற்கரை, திருச்செந்தூர், அதற்குத் தெற்கே மணப்பாடு ஆகிய மூன்றுமே காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய தொலைவில் உள்ளவை. விடுதி அறை வேண்டியதில்லை. பேருந்துக் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவும் போதும். காலை உணவுக்கு இட்லியும் பொடியும் கட்டிக்கொண்டால் அச்செலவும் குறையும். நோயாளிக்கு நேரத்துக்கு உணவும் கிடைக்கும்.

கடையில் உண்ணும் அந்த ஒரு வேளையைப் பற்றிச் சொல்வோம். இட்லி, தோசை, சாம்பார் எங்கும் கிடைப்பவை. எண்ணிக்கையில் அளவு காத்தால் போதும். சாப்பாடு என்றால் சோற்றைக் குறைத்துக் கூட்டு, பொரியலைக் கூடுதலாகக் கேளுங்கள்; பொரித்த மீனைவிடக் குழம்பு மீன் மேல். பரோட்டா மைதாவால் ஆனது. சால்னாவில் எண்ணெயும் உப்பும் மிகுதி. ஆசைக்கு ஒன்று என்று நிறுத்த முடிந்தவர் உண்ணலாம். முடியாதவர் தோசைக்கே போவது நல்லது.

கடம்பூர்க்காரர்களிடம் போளியைத் தொடவே கூடாது என்று சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. ஒரு போளியை இருவராகப் பகிர்ந்து, அந்த வேளையின் சோற்றில் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு தவறான நம்பிக்கையைக் கைவிட வேண்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் வெல்லமும் உடன்குடிக் கருப்பட்டியும் சீனியைப்போலவே இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவைதாம்.

தூத்துக்குடிச் சாலையில் இருபுறமும் உப்பளங்களைப் பார்ப்பீர்கள். ஒருவருக்கு நாள் முழுதுக்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவே. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் அன்று தவிர்த்தாலே பெரும்பகுதி காக்கப்படும். சிறுநீரக நோயாளிகள் இளநீரைக் கேளாமல் பருகக் கூடாது. அதில் மிகுந்துள்ள பொட்டாசியம், சிறுநீரகம் பழுதுற்றவர்களின் இதயத் துடிப்பைக் குலைக்க வல்லது. டயாலிசிஸ் நாளை விட்டுவிட்டு எந்தப் பயணமும் வேண்டாம். டயாலிசிஸுக்கு மறுநாள் செல்வது பெரும்பாலும் உகந்தது.

இன்சுலின் போடுபவர்களுக்குக் கடையில் ஓர் எச்சரிக்கை உண்டு. கூட்டம் மிகுந்த நாளில் இலைக்கு உணவு வரத் தாமதமாகும். ஊசியை முன்கூட்டிப் போட்டுக்கொண்டு காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். உணவு முன்னால் வந்த பிறகு போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள்; பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிடில் மீண்டும் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108ஐ அழையுங்கள். இன்சுலின் குப்பியை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விடாதீர்கள். பனிக்கட்டியோடு நேரே ஒட்டியும் வைக்காதீர்கள்.

எங்களை மிகவும் வருத்துவது கால்தான். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குன்றியவருக்கு நண்பகல் மணலின் சூடு தெரிவதில்லை. விடுமுறை முடிந்து பாதமெங்கும் கொப்புளங்களுடன் வந்து, “ஒண்ணுமே சுடலையே, டாக்டர்” என்று வியந்தவர்களுக்கு நாங்கள் மருத்துவம் செய்திருக்கிறோம். சுடாததே அங்கு நோய். ஆகவே மணலிலும் செருப்போடு நடக்கச் செய்யுங்கள். காலணி கழற்ற வேண்டிய இடங்களுக்குக் கல்தரை சூடேறும் முன்போ மாலை தாழ்ந்த பின்போ, காலுறை அணிவித்து அழைத்துச் செல்லுங்கள். இரவு வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் விளக்கொளியில் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றைப் பெண்கள் சொல்லத் தயங்குவதால் நாங்களே சொல்கிறோம். வழியில் கழிப்பறை இராது என்றஞ்சி, பயண நாளில் நீர் மாத்திரையையும் குடிநீரையும் நிறுத்துகிறார்கள். இதய நோயாளிக்கு இது மூச்சுத்திணறலில் முடியலாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம்; எந்நேரத்துக்கு மாற்றலாம் என்று எங்களைக் கேளுங்கள். நின்று இளைப்பாற வசதியுள்ள வழியாகத் தேர்வதும் குடும்பத்தின் பொறுப்பே.

எல்லாரும் செல்லலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர், நடந்தால் மூச்சு வாங்குபவர், காலில் ஆறாத புண் உள்ளவர், காய்ச்சலில் இருப்பவர் ஆகியோர் காத்திருக்க வேண்டும். அவர்களுக்கும் “முடியாது” என்பதோடு நிறுத்தாமல், “எப்போது முடியும்” என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சலுகை கொடுத்தால் கட்டுப்பாடு போய்விடும் என்று அஞ்சும் குடும்பத்தாரை அறிவோம். எங்கள் அனுபவம் வேறாக இருக்கிறது. தம்மையும் கணக்கில் சேர்த்த குடும்பத்தில், நோயாளி மாத்திரையைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்கிறார். உண்டதை ஒளிக்காமல் சொல்கிறார். நீரிழிவு ஆயுள் முழுதும் உடன் வருவது. ஆயுள் முழுதும் தடையாலேயே அதை ஆள இயலாது.

எனவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மருந்துச் சீட்டோடு எங்களிடம் வாருங்கள். வரும்போது, “அத்தையை விட்டுட்டுப் போகலாமா?” என்று கேட்க வேண்டாம், “அத்தையை எப்படிக் கூட்டிட்டுப் போகலாம்?” என்று கேளுங்கள். அதற்கு முன்பு, கடலைப் பார்க்க ஆசையா என்று அத்தையிடமே ஒரு முறை கேட்டுவிடுங்கள்.