'சிங்கிள் ஓனர், சூப்பர் கண்டிஷன்'... 13 வருஷ பழைய காரை நம்பி வாங்கலாமா? கணக்கு என்ன சொல்கிறது?

"சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி. ஒரு ஸ்க்ராட்ச் கூட கிடையாது. ஏசி ஐஸ் மாதிரி இருக்கும்."

பழைய கார் தேடி நாலு இடம் ஏறி இறங்கியவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம் ஆகியிருக்கும். வண்டியும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி, டேஷ்போர்டில் சின்னப் பிள்ளையாரோடு நிற்கும். கேட்கிற விலை இரண்டரை லட்சம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் ஆர்சியைப் பார்த்தால் 2012 அல்லது 2013 என்று இருக்கிறது. இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

டெல்லியில் பழைய வண்டிகளைப் பிடிக்கிறார்கள் என்ற செய்தி, பழைய காருக்கு ஜிஎஸ்டி என்ற வாட்ஸ்அப் தகவல், எத்தனால் பெட்ரோல் பயம், புது கார் விலைக் குறைப்பு. கடந்த ஒன்றிரண்டு வருஷத்தில் இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதால், நல்லபடியாகப் பராமரித்த பழைய காரை வாங்குவது புத்திசாலித்தனமா இல்லையா என்பதே பலருக்குப் பிடிபடவில்லை.

டெல்லி சட்டம் தமிழ்நாட்டுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. டீசல் காருக்கு 10 வருஷம், பெட்ரோல் காருக்கு 15 வருஷம் என்ற கட்டுப்பாடு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள என்சிஆர் பகுதிக்கும் மட்டுமே. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இந்த வண்டிகளுக்கு பங்குகளில் பெட்ரோல், டீசல் போடக் கூடாது என்று டெல்லியில் நடவடிக்கை தொடங்கியது. கடும் எதிர்ப்பு வந்ததால் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அதையும் திருத்தி, இந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் தனியார் கார் பெட்ரோலாக இருந்தாலும் டீசலாக இருந்தாலும் முதல் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதன் பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, சோதனையில் பாஸ் ஆனால் 5 வருஷம் நீட்டித்துத் தருவார்கள். நம்மூரில் இதைத்தான் 'எஃப்சி காட்டுவது' என்கிறார்கள்.

டெல்லி பதிவு எண் கொண்ட கார்கள் இங்கே மலிவாக விற்பனைக்கு வருவதற்கும் அங்கே உள்ள நெருக்கடிதான் காரணம். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த ஆர்டிஓவின் என்ஓசி வேண்டும், இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும், தமிழ்நாட்டு நம்பர் வாங்க வேண்டும். வெளிமாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வண்டியை வைத்திருக்க மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வரியையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துபோகும்.

ஆர்சியில் எவ்வளவு உயிர் மிச்சம்?

பழைய கார் வாங்கும்போது பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது கிலோமீட்டரை. முதலில் பார்க்க வேண்டியது பதிவு முடியும் தேதியை. 2012 டிசம்பரில் பதிவான கார் என்றால் 2027 டிசம்பரில் எஃப்சி காட்டியாக வேண்டும். 15 வருஷம் முடிந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். இது தவிர தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு.

உண்மையில் இந்தக் கட்டணம் பெரிய சுமை இல்லை. எஃப்சிக்கு முன்னால் வண்டியைத் தயார் செய்யும் செலவுதான் சுமை. துரு பிடித்த இடத்துக்கு டிங்கரிங், பெயிண்ட், மங்கிய ஹெட்லைட், தேய்ந்த டயர் என்று ஒவ்வொன்றாக வரும். எஃப்சிக்கு ஒரு வருஷம் இருக்கும்போது பலர் காரை விற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் செலவு உங்கள் தலையில் விழப் போகிறது என்றால், அதை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

'நல்லா மெயின்டெய்ன் பண்ண வண்டி' என்பதற்கு ஆதாரம் எது?

பளபளப்பு ஆதாரம் இல்லை. பில்தான் ஆதாரம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலை பார்த்தார்கள் என்பது பதிவில் இருக்கும். ஓனர் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெளியே நம்பிக்கையான மெக்கானிக்கிடம் விட்டவர் என்றாலும் ஆயில், ஃபில்டர், பேட்டரி வாங்கிய ரசீதுகள் ஒரு கவரிலாவது இருக்கும். 2019-ல் 74,000 கிலோமீட்டர் என்று பில்லில் இருந்து, இப்போது மீட்டரில் 58,000 ஓடுகிறது என்றால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

இன்னொரு பொறி குறைந்த கிலோமீட்டர். 'பதிமூணு வருஷத்துல 28 ஆயிரம்தான் ஓடியிருக்கு' என்றால் பலர் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், மாசக்கணக்கில் ஷெட்டில் நின்ற காரில் ரப்பர் ஹோஸ்கள் காய்ந்து வெடித்திருக்கலாம். டயரில் பட்டன் நன்றாக இருக்கும், ஆனால் டயர் பழசாகி இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3217 என்றால் 2017-ம் வருஷம் 32-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். முறையாக சர்வீஸ் செய்து, பில்லோடு 90,000 ஓடிய கார், பில் இல்லாமல் 30,000 ஓடிய காரைவிட எவ்வளவோ மேல். சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட் இருக்கும். கம்பெனி சொன்ன கிலோமீட்டரிலோ வருஷத்திலோ அதை மாற்றினார்களா என்பதையும் பில்லில் தேடுங்கள். அது அறுந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம்.

வண்டியைப் பார்க்க காலையில் போவது நல்லது. 'நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் பிரச்சினையை மறைக்க ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜின் எப்படி எழுந்திருக்கிறது, நீலப் புகை வருகிறதா என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். ரேடியேட்டர் தண்ணீர் துரு நிறத்தில் இருந்தால், கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரிலேயே வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். பிறகு ஏசியைப் போட்டு, நிறுத்திய இடத்திலேயே 15 நிமிஷம் இன்ஜினை ஓட விடுங்கள். டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். நம்மூர் மே மாத டிராஃபிக்கில் வண்டி படும் பாட்டுக்கு இது ஒரு சின்ன ஒத்திகை.

சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி வண்டிகளுக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதம் தென்மாவட்ட வெள்ளத்திலும் நிறைய கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, தரை விரிப்புக்குக் கீழே மண் வாடை இருந்தாலும் விலகிவிடுவது நல்லது. தண்ணீர் குடித்த வயரிங் எப்போது மக்கர் பண்ணும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

இ20 பெட்ரோல் பழைய காரைக் கெடுக்குமா?

பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் செலவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 20% எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 வாக்கில்தான். பழைய கார்களில் மைலேஜ் 3 முதல் 6% வரை குறையலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்றும் கூறியது. எனவே ஃப்யூல் லைன் ஹோஸ்களை மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வீசினால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

புது கார் விலை குறைந்ததை மறக்கலாமா?

பழைய கார் விற்பவர்கள் பேச விரும்பாத விஷயம் இது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அப்போது மாருதி அறிவித்த ஆல்டோ கே10 தொடக்க விலை 3.70 லட்சம் ரூபாய், எக்ஸ்-ஷோரூம். தமிழ்நாட்டில் 5 லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 12%, அதாவது சுமார் 44 ஆயிரம். இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு 4.4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நாலு வருஷம் கழித்து 2.2 லட்சத்துக்கு விற்றால், வருஷத்துக்கு 55 ஆயிரம் தேய்மானம்.

இப்போது அந்த 2012 மாடல். விலை இரண்டரை லட்சம், முதல் வருஷம் டயர், பேட்டரி, சஸ்பென்ஷன், எஃப்சி வேலைக்கு 40 ஆயிரம். நாலு வருஷம் கழித்து 70 ஆயிரம் கிடைக்கிறது. நிகர செலவு 2.2 லட்சம். அதுவும் வருஷத்துக்கு அதே 55 ஆயிரம்தான்!

இந்த எண்கள் எல்லாம் உதாரணம்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று புரியும். அதே பழைய கார் 1.7 லட்சத்துக்குக் கிடைத்தால் வருஷச் செலவு 35 ஆயிரமாக இறங்கிவிடுகிறது. புது காருக்கான பணம் கையில் இல்லை, கடன் வாங்கினால் வட்டி கூடும், மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓட்டப் போவதில்லை, கொஞ்சம் பெரிய வண்டி வேண்டும் என்பவருக்கு அந்த விலையில் பழைய கார் சரியான முடிவு. இரண்டரை லட்சத்தில் அது ஆசை மட்டுமே. வண்டி எவ்வளவு நல்ல கண்டிஷனில் இருந்தாலும் சரி.

பாதுகாப்பையும் எடை போட வேண்டும். ஏபிஎஸ் எல்லா புது கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில். அதற்கு முந்தைய பேஸ் வேரியன்ட்களில் இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். குழந்தைகளோடு அடிக்கடி ஹைவேயில் போகும் குடும்பம் என்றால், வேறு எதைப் பார்க்காவிட்டாலும் டாப் வேரியன்ட்டாகத் தேடுங்கள்.

இன்சூரன்ஸிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 10 வருஷம் தாண்டிய காரில் விபத்து கிளெய்ம் போட்டால், உலோக பாகங்களின் விலையில் 50% கழித்துத்தான் தருவார்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு உங்களுக்கு வராது.

பழைய காருக்கு 18% ஜிஎஸ்டியா?

தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் ஜிஎஸ்டியே கிடையாது. டீலரும் முழு விலைக்குக் கட்டுவதில்லை, தன் லாபத்துக்கு மட்டுமே கட்டுகிறார். 2 லட்சத்துக்கு வாங்கி 2.3 லட்சத்துக்கு விற்றால் 30 ஆயிரத்துக்கு 18%, அதாவது 5,400 ரூபாய். 'ஜிஎஸ்டி 40 ஆயிரம் ஆகும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பேர் மாற்றத்தில் கோட்டை விடாதீர்கள்

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு எத்தனாவது ஓனர், ஃபைனான்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இ-சலான் பாக்கியையும் தனியாகப் பார்த்துவிடுங்கள். கடன் முடிந்தும் ஆர்சியில் பேங்க் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், படிவம் 35-ம் பேங்க் தரும் என்ஓசியும் கைக்கு வரும் வரை முழுப் பணம் கொடுக்க வேண்டாம்.

புரோக்கர்கள், ஓனர் எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுப் படிவம் 29, 30-ஐ நீட்டுவார்கள். ஆர்சியோடு இணைந்த மொபைலுக்குத்தான் ஓடிபி போகும். அந்த ஓனர் ஊரிலேயே இல்லை என்றால் வேலை நின்றுவிடும். கடையில் வாங்குகிறீர்கள் என்றால், ஆர்டிஓ வழங்கும் டீலர் அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி இது.

விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். வண்டியை விற்று, பணம் வாங்கி, சாவியையும் கொடுத்த பிறகும் ஆர்சியில் பெயர் மாறாமல் இருந்தால், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதனால், 'பேர் மாத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்லும் ஓனரிடம் இந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்லுங்கள். அநேகமாக அடுத்த நாளே ஆர்டிஓ ஆபீஸுக்கு உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்.