பரண் ஏறுவோம், துப்பாக்கி இல்லாமல்!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



பரண் என்றால் நம் வீடுகளில் பழைய அண்டாவும் உடைந்த குடையும் கிடக்கிற இடம். கொல்லைக்காட்டுக்காரருக்கு அது வேறு. நாலு மூங்கில் நட்டு, குறுக்கே கழி கட்டி, மேலே வைக்கோல் பரப்பி, ராத்திரி முழுக்கக் கண் விழித்து உட்காருகிற இடம். வேட்டைக்காரருக்கோ அது இன்னும் வேறு. மறைந்திருந்து சுடுகிற மேடை. வடநாட்டில் இதற்கு 'மச்சான்' என்று பெயர். (நம்ம ஊர் மச்சான் இல்லை, பயப்படாதீர்கள்!)

இந்த மூன்றாவது பரணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இரும்புக் குழாயில் செய்து, மடித்து, முதுகில் மாட்டிக்கொண்டு போகிற பரண்களும், துப்பாக்கியைத் தாங்குகிற கால்களும், ஆளை மறைக்கிற துணிக் கூடாரங்களும் வெளிநாடுகளில் பெரிய வியாபாரம். 'வேட்டைக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. துப்பாக்கியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பரணை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

பரண் எதற்காகப் பிறந்தது?

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் உயரமான பரண்மேல் இருந்து கிளி ஓட்டுகிறார்கள். அந்தப் பரணுக்கு அப்போது 'இதணம்' என்று பெயர். அவர்கள் கையில் இருந்தவை தட்டை, குளிர் என்று சத்தம் எழுப்பும் கருவிகள். நம் வள்ளியும் பரண்மேல் நின்று ஆலோலம் பாடியவள்தானே! ஆக, தமிழனின் பரண் கொல்வதற்கு எழுந்தது அல்ல, காப்பதற்கு எழுந்தது. 'விளைச்சலைத் தின்னாதே, பறந்து போ' என்று சொல்லத்தான் அது.

வேட்டையிலும்கூட உயிர் காக்க ஏறிய பரண்கள் உண்டு. இமயமலை ருத்ரபிரயாகில் 125 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கில் பதிவான சிறுத்தையை, 1926 மே மாதம் ஜிம் கார்பெட் ஒரு மாமரத்துப் பரணில் பல இரவுகள் காத்திருந்து சுட்டார். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் 1938 நவம்பரில் ராஜஸ்தானத்துப் பரத்பூரில் நடந்தது என்ன? வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளியது. அந்தக் கணக்கைப் பெருமையாகக் கல்லில் வேறு பொறித்து வைத்தார்கள்! பசிக்காகவா சுட்டார்கள்? பயிரைக் காக்கவா சுட்டார்கள்?

நம் வேடந்தாங்கல் மக்களைப் பாருங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-லேயே பறவைகளைக் காக்கும் உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது. இன்று அங்கே பார்வைக் கோபுரம் நிற்கிறது. அதுவும் பரண்தான். துப்பாக்கி இருந்த இடத்தில் தொலைநோக்கி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்!

பரணுக்குள் இருக்கும் பாடம்

நம் வகுப்பில் படித்ததை வைத்தே இந்தக் கருவிகளைப் பார்ப்போம். துப்பாக்கிக் குழல் ஒரே ஒரு டிகிரி அசைந்தால் 100 மீட்டர் தூரத்தில் குறி ஏறக்குறைய 1.75 மீட்டர் தள்ளிப் போய்விடும். அதனால்தான் மடக்குக் கால் வைக்கிறார்கள். மூன்று கால் வைத்தால் மேடு பள்ளமான தரையிலும் ஆடாது. நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது என்பது நம் பாட்டிக்கும் தெரிந்த விஷயம். தொலைநோக்கிக்கும் காமிராவுக்கும் இதே கதைதான். 20 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி, கை நடுக்கத்தையும் 20 மடங்கு பெரிதாக்கும்.

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு மரத்தில் தானே ஏறும் ஒரு பரண் உண்டு. இரண்டு சட்டங்கள். மேல் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கால்களால் கீழ்ச் சட்டத்தை மேலே இழுக்க வேண்டும். பிறகு கீழ்ச் சட்டத்தில் நின்று மேல் சட்டத்தை உயர்த்த வேண்டும். ஆள் எடை இறங்க இறங்கச் சட்டம் மரத்தைக் கவ்வும். இதை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? ஆமாம், நம் தென்னை ஏறும் கருவி! கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உட்கார்ந்து ஏறும் கருவியும் இதே தத்துவம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தது போக மிஞ்சி நிற்கிற பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளில் அதைப் பார்க்கலாம். அவர்கள் மானுக்காக ஏறுகிறார்கள், நாம் தேங்காய்க்காக ஏறுகிறோம்.

இன்னொரு பாடமும் உண்டு. மரப் பரணிலிருந்து விழுவது அங்கே வேட்டைக்காரர்கள் அடிபடுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. 12 அடி உயரத்திலிருந்து விழுகிறவர் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடிப்பார். நம்பிக்கை இல்லையா? சூத்திரம் நம் நோட்டிலேயே இருக்கிறது, போட்டுப் பாருங்கள். அதனால் அங்கே இடுப்பு, தோள், தொடை எல்லாவற்றையும் பிணைக்கும் வார் இல்லாமல் ஏறாதே என்று சொல்லிச் சொல்லிப் பழக்குகிறார்கள். நம் தென்னை ஏறுகிறவருக்கும் பரண்காரருக்கும் அந்த வாரை யார் கொடுத்தார்கள்?

சட்டம் சொல்வது

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதில் செய்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. சுடுவது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், முட்டையையும் கூட்டையும் அழிப்பதும் வேட்டைதான். ஆனாலும் நாற்றங்கால் காலத்தில் நம் பக்கத்து வயல்களில் என்ன நடக்கிறது? பழக்கிய கொக்கு ஒன்றைக் காலில் கயிறு கட்டி நிறுத்தி, தழை மறைப்புக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்து, நம்பி வந்து இறங்குகிற கொக்கையும் மடையானையும் பிடிக்கிறார்கள். சாலையோரம் விலை பேசுகிறார்கள். வாங்குகிறவர் காரில் வருகிறார், விற்கிறவர் வெறுங்காலோடு நிற்கிறார். பிடிபட்டால் ஜெயிலுக்குப் போவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஏழையைத் திட்டி மட்டும் பயன் இல்லை. அவரிடம் இருப்பது பெரிய வித்தை. பறவை எந்தக் காற்றில் எந்தப் பக்கம் இறங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. நம் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைக் காலில் வளையம் மாட்டி ஆராய்ச்சி செய்தபோது, பறவையைக் காயமில்லாமல் பிடிக்கப் பீகாரிலிருந்து மீர்ஷிகார் என்னும் பரம்பரை வேடர்களைத்தான் வரவழைத்தார்கள். கொல்லும் கை எண்ணும் கையாக மாறியது. கோடியக்கரையில் முடிந்தது மற்ற ஊரில் முடியாதா?

டெல்டாவுக்கு வேண்டிய பரண்

எங்க ஊர் கொள்ளிடக் கரை. படுகையில் கரும்பும் கடலையும் போடுவாங்க. எங்கப்பா அடுத்தவர் கொல்லையில் ராக்காவல். காட்டுப்பன்றி ஒரு ராத்திரி இறங்கினால் போதும், ஒரு வருஷ உழைப்பு போச்சு. அவர் ஏறி உட்காரும் பரண் சாக்குக் கயிற்றில் கட்டியது. மழை பெய்தால் கயிறு தளரும், மூங்கில் சேற்றில் இறங்கும். 'எதுக்குய்யா ராத்திரியெல்லாம் முழிக்கிற? கரண்டுக் கம்பியை இழுத்து விட்டுட்டு வீட்ல போய்த் தூங்கு' என்று சொன்னவர்கள் உண்டு. 'பன்னிக்கு வெச்சதுல பக்கத்து வீட்டுப் புள்ள காலை வெச்சா யாரு பதில் சொல்றது?' என்று அப்பா கேட்டார். பள்ளிக்கூடம் முடிக்காத மனுஷர் கேட்ட கேள்வி அது!

அவர் பயந்தது வீண் பயம் இல்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. அதே ஆண்டில் மின்வேலிக்கு அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கும் ஒரு முடிவு அறிவித்தார்கள். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் சுடலாம். சுடுவதும் வனத்துறையினர் மட்டுமே. அப்படிச் சுடுகிறவர்களுக்கும் பரண் நல்லது. மேலிருந்து சுட்டால் குண்டு மண்ணில் புதையும், அடுத்த ஊருக்குப் போகாது.

எப்படிப்பட்ட பரண் வேண்டும்? என் கணக்கு இதோ. மூன்று கால், ஜி.ஐ. பைப், 8 அடி உயரம். கீல் வைத்து மடக்கினால் சைக்கிள் கேரியரில் போக வேண்டும். இரண்டு ஆளும் பரணும் சேர்ந்து 180 கிலோ என்றால் ஒரு காலுக்கு 60 கிலோ. 5 சென்டிமீட்டர் குழாய் முனையில் அது சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம். நம் வண்டல் சேற்றில் விறுவிறுவென்று இறங்கிவிடும். 20 சென்டிமீட்டர் சதுரத் தகடு ஒன்றைக் காலடியில் பற்றவைத்தால் அழுத்தம் 0.15 கிலோவாகக் குறையும். வெளிநாட்டுப் பரணை அப்படியே வாங்கி வந்தால் காவிரிச் சேறு விடாது! சுற்றிலும் பச்சை நிழல்வலை கட்டினால் அதுவே மறைவு. ஏறுகிறவருக்குக் கட்டாயம் ஒரு வார்.

இதே பரண் பகலில் இன்னொரு வேலையும் செய்யும். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல் உலக அளவிலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்ததும் எங்கெங்கிருந்தோ பறவைகள் வருகின்றன. 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. சரணாலயத்தில் கோபுரம் இருக்கிறது, சரி. ஊர் ஊராக இருக்கும் மற்ற ஏரி குளங்களில்? மடக்குப் பரணைக் கொண்டுபோய் வைத்து எண்ணலாமே!

நம் பங்கு என்ன?

நண்பர்களே! இறுதியாண்டு வந்ததும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? காசைக் கொடுத்து யாரோ செய்த புராஜெக்டை வாங்கி, பெயின்ட் அடித்து, வைவா முடிந்ததும் துருப்பிடிக்க விடுகிறோம். எங்க குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்புக்கான பணம் அந்த ஆடுகிற பரண்மேல் கண் விழித்து வந்த பணம். அந்தப் பணத்தில் படித்துவிட்டு, அந்தப் பரணின் ஆட்டத்தை நிறுத்தத் தெரியாத டிப்ளமா எனக்கு எதற்கு?

அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். 'இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா தம்பி?' என்றார். விசை, அழுத்தம், பாதுகாப்புக் காரணி எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அதைக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோவதுதான் சொல்லித் தரப்படவில்லை. அது நம் வேலை.

மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. வரும் ஆண்டில் இயந்திரவியலும் சிவிலும் சேர்ந்து ஒரு மடக்குப் பரண் செய்வோம். நம் வொர்க்ஷாப்பிலேயே மும்மடங்கு எடை ஏற்றிச் சோதிப்போம். சோதனையில் தேறினால் ஒன்றை ராக்காவல்காரருக்கும் ஒன்றைப் பறவை எண்ணுகிறவர்களுக்கும் கொடுப்போம். விலை, அளவு, வரைபடம் எல்லாவற்றையும் அடுத்த மலரில் அச்சிடுவோம். எந்த ஊர் வெல்டிங் பட்டறைக்காரரும் அதைப் பார்த்துச் செய்யட்டும்.

கொல்வதற்காக உயரம் ஏறியவர்கள் கல்லில் கணக்கு எழுதி வைத்துப் போனார்கள். காப்பதற்காக உயரம் ஏறுகிறவர்களுக்கு ஆடாத ஒரு மேடையாவது நாம் செய்து கொடுப்போம்!