ஆடைக்குச் சீட்டுப் போடுவோர்

திருவள்ளுவர் எந்த நிறத்தில் ஆடை உடுத்தியிருந்தார்? இக்கேள்விக்கு விடை எவருக்கும் தெரியாது. அவர் பிறந்த ஊர், வாழ்ந்த காலம், சார்ந்த சமயம் ஆகியவை குறித்தும் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆயினும் தெரியாத அந்த நிறத்திற்காகவே நம் நாட்டில் கட்சிகள் மல்லுக்கு நிற்கின்றன.

2019 நவம்பரில் பாரதிய ஜனதா கட்சியின் தமிழகப் பிரிவு, காவி உடையும் திருநீறும் அணிந்த வள்ளுவர் படத்தை வெளியிட்டது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. சில நாள்களுக்குள் தஞ்சையை அடுத்த பிள்ளையார்பட்டியில் வள்ளுவர் சிலை சாணத்தால் இழிவுபடுத்தப்பட்டது. 2024 மே மாதத்தில் ஆளுநர் மாளிகையின் அழைப்பிதழிலும் காவி வள்ளுவரே காட்சி தந்தார். நமக்குப் பழகிப்போன வெண்ணிற ஆடை வள்ளுவரோ ஓவியர் வேணுகோபால் சர்மாவின் கற்பனை. 1964-இல் சட்டமன்றத்தில் இடம்பெற்றது. சமயச் சின்னம் எதையும் சூட்டாமல் வரைந்தது நேர்மையான முடிவே. எனினும் அதுவும் ஓவியமே, சான்றன்று.

இந்தச் சண்டையின் நகைமுரணை எண்ணிப் பாருங்கள். 'கூடாவொழுக்கம்' என்று ஓர் அதிகாரமே படைத்தவர் வள்ளுவர். உலகம் பழிப்பதை ஒருவன் விலக்கிவிட்டால் மொட்டையும் வேண்டாம், சடையும் வேண்டாம் என்று அங்கே தீர்ப்பளிக்கிறார். வேடத்தை நம்பாதே என்றவருக்கு வேடம் புனையவா இத்தனை போட்டி?

உரிமை கோருவோர் ஒவ்வொருவரும் நூலின் ஒரு பகுதியை மறைத்தாக வேண்டியிருக்கிறது. பகுத்தறிவு பேசுவோர் முதல் அதிகாரமான கடவுள் வாழ்த்தை விரைந்து கடக்கின்றனர். காவி உடுத்துவோர், அதே அதிகாரம் எந்தத் தெய்வத்தையும் பெயர் சொல்லிப் பாடவில்லை என்பதைக் காண மறுக்கின்றனர். பிறப்பால் எல்லா உயிரும் ஒன்றே என்ற அவர் கொள்கை, சாதிக் கணக்குப் பார்த்து வேட்பாளரை நிறுத்தும் கட்சிகள் அனைத்திற்கும் இடறலாக இருக்கிறது. குமரிமுனையில் 2000-ஆம் ஆண்டு 133 அடிச் சிலை எழுப்பி, பேருந்துகளிலும் குறளை எழுதிவைத்த அரசுதான், 2003-இல் மதுவைச் சில்லறையில் விற்கும் பொறுப்பையும் தானே ஏற்றது. இரு கழகங்களின் ஆட்சியிலும் அவ்விற்பனை தொடர்ந்தது. 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தை எந்தப் பேருந்தில் ஏற்றுவது?

பிறரைக் குறைகூறும்போது நம் வீட்டு முற்றத்தையும் பெருக்க வேண்டும். குறளை ஆங்கிலத்தில் 1886-இல் வெளியிட்ட ஜி. யு. போப், மயிலாப்பூரில் வள்ளுவர் கிறித்தவப் போதனையைக் கேட்டிருக்கக் கூடும் என ஊகித்தார். பின்வந்த நம்மவர் சிலர் அந்த ஊகத்தை உறுதியாக்கி, வள்ளுவரைப் புனித தோமாவின் மாணவராகவே ஆக்கினர். அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. அன்பு நிறைந்த ஒருவரைக் கண்டால் "இவர் நம்மவராகத்தான் இருக்க வேண்டும்" என்று கருதுவது பக்தியன்று; நம் வேலிக்கு அப்பால் இறைவன் விதைக்கமாட்டார் என்னும் நம்பிக்கைக் குறைவு. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730-இல் இலத்தீனில் தந்த வீரமாமுனிவர், ஒரு மாணவராக வள்ளுவர் முன் அமர்ந்தார். அவரும் இன்பத்துப்பாலை விட்டுவிட்டார் என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

அப்படியானால் கவிஞனை எவரும் மேடையில் எடுத்தாளக் கூடாதா எனக் கேட்கலாம். தாராளமாக எடுத்தாளட்டும். ஆனால் தமக்கு எதிராக அவன் சொன்னதையும் சேர்த்துப் படிக்கட்டும். எதிரியைச் சாடுவதற்காக மட்டும் குறளைத் திறப்பவன் வள்ளுவரின் வாசகன் அல்லன். அவரை வாடகைக்கு எடுப்பவன். தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் குறள் ஒன்றையேனும் எந்தத் தலைவர் மேடையில் வாசித்திருக்கிறார்?

கல்வாரியில் படைவீரர்கள் இயேசுவின் தையலற்ற அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள். அங்கி யாரோ ஒருவனுக்குக் கிடைத்தது. அவனோ, சிலுவையில் தொங்கியவர் என்ன சொன்னார் என்பதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வள்ளுவரின் ஆடைக்காக இன்று சீட்டுப் போடுவோரும், ஒருநாள் தவறாமல் போட்டியிட்ட நாமும், அந்த வீரனின் வரிசையில் நிற்கிறோமா என்று எண்ணிப் பார்க்கும் நேரமிது.