குழந்தைகளோடு ஐரோப்பாவா? ஒரே ஊர் போதும்!

"பத்து நாளில் ஏழு நாடு" என்று விளம்பரம் வருகிறதே, அந்த மாதிரி சுற்றுலாவுக்குச் சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவதற்கு நான் பரம விரோதி. முதலிலேயே சொல்லிவிட்டேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம் :-)

பெரியவர்கள் மட்டும் போனால் அது அவர்கள் பாடு. காலை ஆறு மணிக்கு எழுந்து, பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் நாலு மணி நேரம் தூங்கி, ஒரு கோபுரத்தின் முன் இறங்கி ஃபோட்டோ எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறட்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பத்து நாளில் தெரிவது பஸ் சீட்டின் முதுகு மட்டும்தான். மூன்றாம் நாள் அது அழுதால், "இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தா அடம் பிடிக்கிறியா?" என்று திட்டு வேறு. கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அது எப்போது கேட்டது?

செலவு என்பது நிஜம்தான், மறுக்கவில்லை. ஷெங்கன் விசாவுக்கே 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. (ஆறு வயதுக்குள் இருந்தால் இலவசம்.) அதற்குமேல் விமான டிக்கெட். வருடக்கணக்கில் சேர்த்த காசு. "இன்னொரு தடவை எப்போ வரப்போறோம், எல்லாத்தையும் பாத்துடுவோம்" என்று தோன்றுவது இயற்கை. அந்த நினைப்புதான் பிள்ளைகளின் விடுமுறையைத் தின்றுவிடுகிறது.

சித்தி குடும்பத்தோடு நானும் ஒட்டிக்கொண்டு வியன்னா போனேன். பெரியவளுக்கு ஒன்பது, சின்னவனுக்கு ஐந்து. ஆறு நாள், ஒரே ஊர். சித்தப்பாவுக்கு பிராக், புடாபெஸ்ட் எல்லாம் ஒரு எட்டு பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. வீட்டில் ஓட்டுப்போட்டுத் தோற்கடித்தோம்.

அந்த ஊரில் குழந்தைகளோடு அலைவதற்கு எனக்குப் பிடித்த காரணம், கட்டணம் பற்றிய பயம் குறைவு. அங்கே மத்திய அரசின் அருங்காட்சியகங்களில் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2010 முதல் டிக்கெட் கிடையாது. இது வெறும் சிக்கன விஷயமில்லை. டிக்கெட் வாங்கியிருந்தால் "காசு கொடுத்திருக்கோம், முழுசா பாரு" என்று இழுப்போம். இலவசம் என்றால் அரை மணி நேரத்தில் பிள்ளை போரடிக்கிறது என்றதும் நிம்மதியாக வெளியே வரலாம். (பெரியவர்களுக்கு டிக்கெட் உண்டு. ஒருத்தர் மட்டும் கூடப் போனால் போதும்.)

கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் அப்படித்தான் திட்டம் போட்டோம். ஒரே ஒரு ஓவியம். ப்ரூகெல் 1560-ல் வரைந்த 'குழந்தைகளின் விளையாட்டுகள்'. ஒரு ஊர்த் தெரு முழுக்க 200-க்கும் மேற்பட்ட பிள்ளைகள், எண்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், பம்பரம் விடுகிறார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு பிடிக்கிறார்கள், பொய்க்காலில் நடக்கிறார்கள். இடது பக்கக் கீழ் மூலையில் இரண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள். "அட, இது நம்ம அஞ்சாங்கல்!" என்று சித்தி போட்ட சத்தத்தில் காவலர் திரும்பிப் பார்த்தார். நாற்பது நிமிடம் அதன் முன்னாலேயே. பெரியவள் எண்ணிக்கொண்டே வந்து முப்பதுக்குமேல் குழம்பிப் போனாள். அதே அறைகளில் அவர் வரைந்த பாபேல் கோபுரமும் இருக்கிறது. நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

பிராட்டர் பூங்கா அரச குடும்பத்தின் வேட்டைக்காடாக இருந்து, 1766-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இடம். உள்ளே போகக் காசில்லை, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் போதும். அங்கிருக்கும் ராட்சத ராட்டினம் 1897-ல் கட்டியது, உயரம் கிட்டத்தட்ட 65 மீட்டர். மெதுவாகத்தான் சுற்றும், பயந்த சுபாவம் உள்ள பிள்ளைக்கும் சரிப்படும். ஷோன்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்தில் 1752-ல் தொடங்கிய மிருகக்காட்சி சாலை இன்னும் நடக்கிறது, உலகத்திலேயே பழசு. அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அரண்மனையைப் பார்க்காவிட்டால் குடி முழுகிவிடாது.

சின்னவனைக் கேட்டால் தன்யூப் தீவைத்தான் சொல்வான். நான் சிவில் படிக்கிறவன் என்பதால் எனக்கும் அதுதான். 1954 வெள்ளத்துக்குப் பிறகு யோசித்து, 1972 முதல் 1988 வரை ஆற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கால்வாய் வெட்டி, வெட்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய 21 கிலோமீட்டர் நீளத் தீவு. வெள்ளத் தடுப்பு வேலைதான், ஆனால் ஊருக்கே குளிக்கும் இடமும் அதுதான். மெட்ரோவில் இறங்கினால் தண்ணீர். குழந்தைகள் தண்ணீரில் விளையாடுவதற்கென்றே ஒரு இடம் கட்டி வைத்திருக்கிறார்கள், அதுவும் இலவசம். இரண்டு நாள் மாலை அங்கேயே போய்விட்டது.

"ஆற்றங்கரையில் மண்ணில் விளையாட ஐரோப்பா போகணுமா? நம்ம ஊரில் மண் இல்லையா?" என்று கேட்பீர்கள். மண் இருக்கிறது. ஆனால் அங்கே பக்கத்தில் வாளியோடு உட்கார்ந்திருந்தவன் வேறு ஊர்ப் பையன், பேச ஒரு வார்த்தை பொதுவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அணை கட்டினார்கள். ஏழு நாடு சுற்றும் பஸ்ஸில் அதற்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

பிள்ளைகளை ஊர் ஊராக இழுப்பது புது வழக்கமும் இல்லை. மோட்ஸார்ட்டின் அப்பா லியோபோல்ட் இதில் மன்னர். 1762-ல் ஆறு வயது மகனை வியன்னாவுக்குக் கூட்டி வந்து ஷோன்ப்ரூன் அரண்மனையில் வாசிக்க வைத்தார். சில நாளிலேயே பையன் படுக்கையில். அடுத்த வருடம் ஜூனில் கிளம்பிப் பாரிஸ், லண்டன், ஹேக் என்று மூன்றரை வருடம் குடும்பத்தோடு சுற்றினார். ஹேக்கில் அக்கா தம்பி இருவருமே காய்ச்சலில் பிழைத்ததே பெரிய விஷயம். 1767-ல் மறுபடி வியன்னா, ஊரில் பெரியம்மை. தப்பித்து ஓடியும் இருவருக்கும் அம்மை போட்டது. அந்த அப்பாவுக்காவது வருமானம் என்று ஒரு காரணம் இருந்தது. நமக்கு? ஆல்பம்.

இன்னொரு விஷயம், அம்மாக்கள். குழந்தைகளுக்கு நல்லது என்று சமையலறையோடு வீடு எடுக்கச் சொல்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். முதல் நாள் காலையே சித்தி அடுப்படியில் நிற்கிறார்! வீட்டில் செய்கிற வேலையை ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தும் செய்வதற்குப் பெயர் விடுமுறையா? மறுநாள் முதல் நானும் சித்தப்பாவும் முறை வைத்துக்கொண்டோம். எங்கள் ரசத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

வெளியே சாப்பிட்டால் 'பலாட்ஷிங்கென்' கேளுங்கள். மெல்லிய தோசை மாதிரி இருக்கும், உள்ளே ஆப்ரிகாட் ஜாம், பிள்ளைகள் முரண்டு பிடிக்காமல் சாப்பிடுவார்கள். முட்டை உண்டு, சைவக்காரர்கள் ஜாக்கிரதை. தண்ணீர் பாட்டில் காசு கொடுத்து வாங்காதீர்கள். அந்த ஊர்க் குழாயில் வருவது மலை ஊற்றுத் தண்ணீர், 1873-லிருந்து அப்படித்தான். ஜூனில் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள், காலையில் எட்டு மணிக்குக் கிளம்பும் திட்டமெல்லாம் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் கடைகளைத் தவிர மற்ற சூப்பர் மார்க்கெட்டெல்லாம் மூடியிருக்கும். பாலும் பிரெட்டும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.