குனிந்தால்தான் தெரியும்



சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முந்திய வாரம், கல்லறைத் தோட்டத்தில் மண்டிக்கிடந்த புல்பூண்டுகளை அகற்ற ஆள் அமர்த்தியிருந்தோம். நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் விரைந்து வந்து, "சாமி, கிழக்கு மூலையை மட்டும் நாளைக் காலைவரை விட்டுவைக்கச் சொல்லுங்கள், படம் எடுக்க வேண்டும்" என்று வேண்டினான். "களையில் படம் எடுக்க என்ன இருக்கிறது, தம்பி?" என்று கேட்டு அனுப்பிவிட்டோம். அன்று மாலைக்குள் அம்மூலையும் வெறுந்தரையாயிற்று.

மறு ஞாயிறு அவன் ஒரு படத்தைக் கொணர்ந்தான். நடுவில் மஞ்சள் நிறச் சிறு குழல்கள் நெருங்கி நின்றன. ஒவ்வொரு குழலின் வாயும் ஐந்தாகப் பிரிந்து விரிந்திருந்தது. அவற்றைச் சூழ, நுனியில் மும்மூன்று பற்கள் கொண்ட வெளிறிய இதழ்கள். எந்நாட்டு மலரோ என வியந்து கேட்டோம். "வெட்டுக்காயப் பூண்டு, சாமி. ஆட்கள் வெட்டுமுன் அவசரமாக எடுத்தது" என்றான். சிறுவயதில் இலையைக் கசக்கி நாம் புண்ணில் வைத்த அதே பூண்டு! ஒரு பூவென்று நாம் எண்ணியிருந்தது பல பூக்களின் கூட்டம். காட்டுப் பூக்களைக் கவனிக்கச் சொன்ன ஆண்டவரின் வார்த்தையை எத்தனையோ மறையுரைகளில் எடுத்தாண்ட நாம், ஒருமுறையேனும் குனிந்து கவனித்ததில்லை.

இக்கலையின் அருமையை அவனே விளக்கினான். பூவின் இயல்பளவே கேமராவினுள் பதியுமாறு நெருங்கினால், தெளிவாக விழும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே. இதழ் தெளிந்தால் மகரந்தம் மங்கும். ஆழத்தைக் கூட்ட லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும். அதற்குள் மெல்லிய காற்றும் பூவை அசைத்துவிடும். ஆகவே, காற்றடங்கிய விடியற்காலையில், தரையோடு தரையாகப் படுத்துக் காத்திருக்க வேண்டுமாம். அவன் ஏன் "நாளைக் காலைவரை" என்று கெஞ்சினான் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது.

ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932) என்றோர் ஆசிரியர் இருந்தார். பெர்லின் கலைப்பள்ளியில் மாணவருக்கு வடிவங்களைக் கற்பிக்க, எளிய செடிகளின் தண்டையும் மொட்டையும் பன்மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்தார். அவர் படத்தில் இளம் பெரணியின் சுருள் ஆயரின் கோலைப் போலத் தோன்றும். முப்பதாண்டுகள் இவ்வாறு உழைத்தபின், 1928ஆம் ஆண்டு அப்படங்கள் நூலாக வெளிவந்தபோதுதான் உலகம் அவரை அறிந்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.

நம் மாணவன் கடற்கரையில் எடுத்த படமொன்றும் காட்டினான். சிறு சங்கொன்றின் வாயிலிருந்து துறவி நண்டின் கால்கள் எட்டிப்பார்த்தன. அந்நண்டின் பின்னுடல் மென்மையானது. சொந்த ஓடு இல்லாத அது, வளர வளரப் பெரிய வெற்றுச் சங்கைத் தேடிக் குடிபுகும். "படம் எடுத்தேன், சங்கை எடுக்கவில்லை" என்றான். நம் மேசையில் தாள்கள் பறவாமலிருக்க வைத்திருந்த சங்கு நம்மைப் பார்த்தது.

அவன் சென்றபின், அப்படத்தோடு கிழக்கு மூலைக்குப் போனோம். ஆண்டுக்கணக்காகக் கோவிலைக் கூட்டிவரும் மூதாட்டி அங்கே நின்றிருந்தார். படத்தைக் காட்டினோம். கண்ணருகே வைத்துப் பார்த்தவர், "என் முதல் பிள்ளை இங்கேதான் இருக்கிறது, சாமி. கல் வைக்க வசதியில்லை. இந்தப் பூதான் அதற்கு மாலை. போகட்டும், மழை பெய்தால் திரும்ப முளைக்கும்" என்றார். நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் பெயரை நாம் அன்றுதான் கேட்டறிந்தோம்.

சங்கைக் கடலோரத்தில் விட்டுவிட்டோம். மூதாட்டி சொன்னவாறே மழைக்குப் பின் பூண்டும் முளைத்தது. இவ்வாண்டு கல்லறைத் திருநாளுக்கு ஆள் அமர்த்தும்போது, கிழக்கு மூலையில் வழியை மட்டும் செதுக்கச் சொல்வோம். பூக்கள் நிற்கட்டும். நம் வீட்டிலும் தெருவிலும் தொலைவிலிருந்தே பார்த்துக் "களை" என்று நாம் முடிவுகட்டியவர் எவரேனும் உண்டா? இம்மாதம் ஒருவரிடமாவது சற்று நெருங்கிச் செல்வோமாக.