திறவுகோல் இல்லாப் பூட்டுகள்!

திண்டுக்கல் பூட்டால் பெயர் பெற்ற ஊர். தகட்டை வெட்டி, அராவி, உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே பொருத்தும் அத்தொழிலுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுக் கம்மியன் ஒரு முறையை என்றும் மீறுவதில்லை. பூட்டைச் செய்தவன் அதற்குரிய திறவுகோலையும் செய்தே தீருவான். அந்த நேர்மை, அவ்வூர்ப் பேருந்து நிலையத்து இதழ்க் கடைகளில் தொங்கும் அச்சப் புதினங்களை எழுதுவோர் பலரிடம் இல்லை.

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு இரவுப் பணிக்குச் செல்லும் இளைஞன், உழைத்த காசில் அத்தகைய புதினம் ஒன்றை வாங்குகின்றான். கைப்பேசித் திரை கண்ணைப் பறிக்கும் இந்நாளிலும் தமிழெழுத்தைத் தானே விரும்பித் தேடிப் படிப்பவன் அவன். அவனுக்குக் கிடைப்பது என்ன? அட்டையில் ‘அமானுஷ்யம்’, முன்னுரையில் ‘த்ரில்லர்’, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ‘மர்மம்’, ‘ரகசியம்’, ‘சஸ்பென்ஸ்’! பேய் மட்டுமே தமிழ்ப் பேய். அது பேசும் மொழியோ கலப்பட மொழி!

இந்நோய் நேற்று வந்ததன்று. தமிழ்ப் புதினத்தின் தொடக்க நாளில், 1893-இல், தொடராக வெளிவரத் தொடங்கிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய இராசம் ஐயர் இதே சமவெளியிலுள்ள வத்தலக்குண்டில் பிறந்தவர். அன்றே நூற்பெயரில் ‘சரித்திரம்’ குடிபுகுந்தது. அன்று முளைத்த களை இன்று காடாய் மண்டிக் கிடக்கின்றது.

ஏன் இப்படி என்று கேட்டால், நல்ல தமிழில் எழுதினால் படிப்பவனுக்கு மயிர்க்கூச்செறியாதாம்! இதனினும் பெரிய பொய் வேறுண்டோ? அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்களையும் நான்காக வகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவன் ஆகிய அந்நான்கினுள் இற்றை அச்சப் புதினம் முழுதும் அடங்கும். ஆவிக்கதை அணங்கின்பாற் படும். கொலை, கொள்ளைக் கதை கள்வரின்பாற் படும். அணங்கு, சூர், கழுது, கூளி, அலகை, மருள், வெருவு, உட்கு என இத்தனை சொற்களையும் வைத்துக்கொண்டு ‘அமானுஷ்ய’த்தை இரந்து நிற்பது, நிறைந்த குதிரைப் பின்னால் வைத்துக்கொண்டு அண்டை வீட்டில் அரிசி கேட்பது போன்றதன்றோ?

சொல் இருந்தால் போதுமா, கதை உண்டா என்பாரும் உளர். அவர்கள் மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் காதையைப் படிக்கட்டும். புகார் நகரத்துச் சுடுகாட்டில் இரவில் தனியே புகுகின்றான் சார்ங்கலன் என்னும் இளைஞன். நரியின் ஊளை, கூகையின் குரல், பிணத்தின் தலையை எடுத்து ஆடும் பேயின் கூத்து. அலறி ஓடிவந்து, பேய்க்கு உயிர் கொடுத்தேன் எனத் தாயிடம் கூறி வீழ்ந்து மாய்கின்றான். படிப்பவர் குலை நடுங்கும் இடம் அது. ஆனால் சாத்தனார் அவ்வச்சத்தோடு விட்டுவிடவில்லை. தாய் கோதமை முறையிட, தோன்றிய சம்பாபதித் தெய்வத்தின் வாயால், அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை, அவன் மருட்சியைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே அவன் உயிரை உண்டது என்று விடையும் கூறுகின்றார். பூட்டும் அவரே செய்தார். திறவுகோலும் அவரே தந்தார்.

இனி, பேய்க்கதையே தமிழனுக்கு வேண்டா, எல்லாவற்றையும் தீயிலிடுக என்று முழங்குவாரும் உளர். அவர்களும் சற்றே எண்ணுதல் வேண்டும். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள், அதற்கு ஐந்தாண்டு முன்னரே இரெயினால்ட்சு என்னும் ஆங்கிலப் புதினக்காரரின் கதையொன்றைத் தழுவிக் ‘குமுதவல்லி’ என்னும் புதினம் தந்தவர். அந்த இரெயினால்ட்சு யார்? ஓநாயாக மாறும் மாந்தனைப் பற்றி எழுதி ஆங்கில மக்களை நடுங்க வைத்தவர்! ‘அறிதுயில்’, ‘தொலைவிலுணர்தல்’ என அடிகளார் ஆண்ட சொற்களே, புலன் கடந்த பொருள்களையும் தமிழால் பேச முடியும் என்பதற்குச் சான்று. மக்கள் விரும்பிப் படிப்பதை இகழ்ந்து ஒதுக்கியவரல்லர் அவர்.

2024-இல் மறைந்த இந்திரா சௌந்தரராசன் இத்துறையில் பெருந்திரளான படிப்பாளரைப் பெற்றிருந்தவர். 1990-களில் அவர் கதைகள் தொலைக்காட்சியில் தொடராக வந்தபோது ஊர்கள் மூச்சடக்கிப் பார்த்தன. அவற்றுள் ஒன்று சித்தர் செய்த நவபாசாணச் சிவக்குறியைப் பற்றியது. திண்டுக்கல் மாவட்டத்துப் பழனியில் போகர் செய்ததாக வழங்கும் முருகன் சிலை எவர் நினைவுக்கும் வரும். ‘விடாது கருப்பு’, இரவில் குதிரையேறி வந்து தண்டிக்கும் கருப்பசாமியைக் காட்டி அச்சுறுத்திப் பின்னர், பிளவுண்ட மாந்த உள்ளம் ஒன்றையே அதன் உள்ளீடாகக் காட்டியது. இது பாராட்டத்தக்கதே. ஆயின் அத்தொடர்களின் பொதுப்பெயர் ‘மர்மதேசம்’! இரண்டு சொல்லில் ஒன்றேனும் தமிழில்லை. புதிர்நாடு என்றிருந்தால் குதிரை ஓடியிராதா? கருப்பன் வந்திரானா?

இது வெறும் சொல் வழக்கன்று. விடையில்லாத அச்சத்தை நாள்தோறும் உண்பவன், கயிறு மந்திரித்துக் கட்டுபவனிடமும் கழிப்புக் கழிப்பவனிடமும் தன் கூலியைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கின்றான். பிறமொழிச் சொல்லிலேயே அஞ்சப் பழகியவனோ, தன் உள்ளத்தின் ஆழத்தில் நிகழ்வதற்குத் தன் தாய்மொழியில் பெயரில்லை என நம்பிவிடுகின்றான். முன்னது காசிழப்பு, பின்னது மொழியிழப்பு. காசை மீண்டும் ஈட்டலாம், மொழியை?

எழுதுவோர் அச்சுறுத்தட்டும், நன்றாகவே அச்சுறுத்தட்டும்! ஆனால் தமிழால் அச்சுறுத்துக; அறிவால் அவிழ்த்துக் காட்டுக. படிப்போரும் வாங்குமுன் இவ்விரண்டையும் கேட்டு வாங்குக. திறவுகோல் இல்லாத பூட்டைத் திண்டுக்கல் கடைத்தெருவில் எவனும் விலை கொடுத்து வாங்கான். புதினத்தில் மட்டும் ஏன் வாங்க வேண்டும்?