மரப்பாலும் தாய்ப்பாலும்

பால்மரத்தை எப்போது வெட்டினால் பால் ஓடும் என்பது நம் தோட்டத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். வெயில் ஏறுமுன் வெட்டினால் வாளி நிறையும். நேரங்கழித்து வெட்டினால் ஓட்டம் குறையும். அதனாலேயே விடியுமுன் பெரட்டு. மரத்தின் பாலுக்கு நேரம் உண்டு. அந்த நேரத்தை எந்த நிர்வாகமும் தவற விடுவதில்லை. தாயின் பாலுக்கும் நேரம் உண்டே, அதைக் கணக்கில் எழுதுவோர் யார்? இதுவே நாம் இன்று கேட்கும் கேள்வி.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குழந்தைக்கு மார்பு கொடுக்க வேண்டும். முதலில் வரும் சீம்பால் மஞ்சளாக இருக்கிறதென்று பீய்ச்சிக் கீழே விடுவது பெருந்தவறு. நோயை எதிர்க்கும் சக்தியைக் குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டுவது அதுவே. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும்; சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், வெறுந்தண்ணீரும் வேண்டாம். அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலும் கொடுக்கலாம். தாய்க்கும் இதில் நன்மை உண்டு. பால் கொடுக்கையில் கருப்பை சுருங்குகிறது. பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கு குறைகிறது. பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் அபாயமும் குறைகிறது.

இவற்றை நம் தாய்மார்கள் அறியாதவர்கள் அல்லர். மலேசியாவின் அரசாங்க மருத்துவமனைகள் 1998-ஆம் ஆண்டிலேயே தாய்ப்பாலைப் பேணும் மருத்துவமனைகள் என்ற தகுதியைப் பெற்றுவிட்டன. சிலிம் ரிவர் மருத்துவமனையில் பிள்ளை பெற்று வீடு திரும்பும் தாய்க்குத் தாதியர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படியிருந்தும், 2016-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை நூற்றுக்கு 47 தான். அறிவு இருந்தும் பால் நின்றுபோவது ஏன்?

பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். விடியுமுன் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுச் சென்ற தாய், பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நடுப்பகலில் திரும்பினால், ஆறேழு மணி நேரம் மார்பில் பால் கட்டி நிற்கும். நாள்தோறும் இப்படி நடந்தால் சுரப்பு தானே குறையும். பசித்த பிள்ளைக்கு டின் பால் வரும். தாயின் குற்றமா இது? இல்லை, நேரத்தின் குற்றம்.

டின் பாலின் கதை நமக்குப் பழையது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைக்கு ஏற்றதென்று விற்பதையும், அதைக் குடித்துக் குழந்தைகள் மாள்வதையும் கண்ட அவர், அதைக் கொலையென்றே கருத வேண்டும் என்றார். மூன்று ஆண்டுகளில் போர் வந்தது. 1942 ஜனவரியில் நம் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படை முறிந்தது; பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது; அந்த அம்மையாரும் சிறை முகாமில் அடைபட்டார். அங்கே 20 குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் குடித்தன. இருபதும் பிழைத்தன என்று அவர் சொன்னார். பட்டினி முகாமிலும் பிழைத்தன என்றால், அங்கே தாயும் பிள்ளையும் பிரியாமல் இருந்ததும் ஒரு காரணம் அன்றோ!

இன்று சட்டம் என்ன சொல்கிறது? தொழிலாளர் இயக்கங்கள் நெடுங்காலம் கேட்டதன் பின், 60 நாளாக இருந்த பேறுகால விடுமுறை 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாயிற்று. இது வெற்றியே, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லும் காலம் ஆறு மாதம், அதாவது 26 வாரம். விடுமுறை 14 வாரம். நடுவே நிற்கும் 12 வாரத்திற்கு யார் பொறுப்பு? வேலை நேரத்தில் பால் கொடுக்க இடைவேளை என்று நம் வேலைச் சட்டத்தில் தனி விதி இல்லை.

இது நடவாத காரியமும் அன்று. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டம், தோட்டங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்து, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இருமுறை பால் கொடுக்கும் இடைவேளையைத் தாய்க்குத் தந்தது. அனைத்துலகத் தொழில் நிறுவனத்தின் 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தமோ, அந்த இடைவேளையை வேலை நேரமாகவே எண்ணிக் கூலி தர வேண்டும் என்கிறது. மலேசியா இதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. நாளுக்கு இருமுறை கூலியோடு பால் கொடுக்கும் நேரம் வேண்டும்; கைக்குழந்தை உள்ள தாய்க்குக் கொட்டகைக்கு அருகில் உள்ள நிரை வேண்டும். ஆயாக் கொட்டகையில் மறைவான இடமும், சுத்தத் தண்ணீரும், பீய்ச்சிய பாலை வைக்கக் குளிர்ப்பெட்டியும் வேண்டும். இவை கூட்டு ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். குத்தகைக்காரரிடம் வேலை செய்யும் பெண்ணுக்கும், வெளிநாட்டுத் தொழிலாளித் தாய்க்கும் சேர வேண்டும். பசி எந்தக் குழந்தையிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை.

ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகிவிட்டன. நம் பெண்மக்கள் பலர் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போகின்றனர். இடம் மாறினாலும் கோரிக்கை மாறவில்லை.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பால் கொடுக்கும் பெண்ணுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுங்கள். தண்ணீர் எடுப்பதும் துணி துவைப்பதும் உங்கள் கையாலும் நடக்கும். மாமியார்மார்களே, பால் போதவில்லை என்று மருமகளைப் பழிக்காதீர்கள். உடல் நலக் குறைவால் கொடுக்க இயலாத தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் பெண் உறுப்பினர்களை முதலில் பேச விடுங்கள். அவர்கள் சொல்வதை எழுதித் தீர்மானமாக்கித் தலைமைக்கு அனுப்புங்கள். மரப்பாலை நிறுத்து வாங்கும் தராசு, தாய்ப்பாலின் மதிப்பையும் அறியட்டும்!